புது வீட்டுக்கு எவ்வளவு சாமான் வேண்டும்?

  



சென்ற வாரம் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். டூவீலரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை மேலே கிராமம் கிராமமாகப் போய் வியாபாரம் செய்கிறவர். மனைவி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். இத்தனை காலம் பட்டா இடத்தில் ஓலைக் குடிசை. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் இவருக்கு வீடு கிடைத்தது. குடிசையைப் பிரித்துவிட்டு, ஒரு வருடமாக மாதம் 3,500 ரூபாய் வாடகையில் இருந்துகொண்டு கட்டி முடித்திருக்கிறார். அந்தத் திட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். அரசு கொடுப்பது 3,50,000 ரூபாய். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம்.

அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷமான செய்திதானே? ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், சோபா செட், டி.வி. வைக்க ஷெல்ஃப், மாடுலர் கிச்சன், வாசலுக்குத் தேக்குக் கதவு, குடிபோகும் அன்று 300 பேருக்கு பிரியாணி. கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

"ஹஸ்ரத், ஒருத்தர் ரெண்டு வட்டிக்குத் தர்றேங்கிறார். வீடு கட்டுறதுக்கு நான் வட்டிக்கு வாங்கல. இதுக்கு மட்டும் வாங்கிக்கலாமா? சொந்தக்காரங்க முன்னாடி வெறும் வீட்டுல எப்படிக் குடி போறது?"

ஹராம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். அது ஹராம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் வந்து கேட்கிறார் என்றால் உள்ளே ஒரு வலி இருக்கிறது. 'வெறும் வீடு' என்றாரே, அந்த வலி அந்தச் சொல்லில்தான் இருந்தது. இன்று அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டு லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 4,000 ரூபாய். வாடகை 3,500. சொந்த வீட்டுக்குப் போன பிறகு வாடகையை விட 500 ரூபாய் கூடுதலாக மாதாமாதம் கட்ட வேண்டும். வருடத்துக்கு 48,000. அசல் அப்படியே நிற்கும். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. சோபா வருவதற்கு முன்பே அந்தச் சாபத்தை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு சாமானுக்கு ஒரே விலையைப் பேசி முடித்து, அந்த விலையைத் தவணையில் வாங்கிக்கொள்கிறார் என்றால் அது வியாபாரம். மூன்றாவது ஆள் ஒருவர் பணத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் கூடுதலாக வாங்கினால், தவணை தப்பினால் அபராதம் ஏறினால், அங்கே வட்டி நுழைந்துவிடுகிறது. 'வட்டியில்லாத் தவணை' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பேப்பரை ஓர் ஆலிமிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

இதை நான் கிதாபில் படித்ததை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஓதி முடித்து, நிகாஹ் ஆகி, ஒரு பள்ளிவாசல் கொடுத்த இரண்டு அறையில் குடித்தனம் தொடங்கினேன். மாமனார் வீட்டார் வந்து பார்ப்பார்களே என்று கட்டில், பீரோ, கண்ணாடி வைத்த மேசை எல்லாம் தவணையில் வாங்கினேன். கட்டில் ப்ளைவுட். இரண்டு மழைக்காலத்தில் ஊதி, காலை உயர்த்திக்கொண்டது. அதைத் தூக்கி வெளியே போட்ட பிறகும் ஐந்து மாதம் தவணை கட்டினேன். இல்லாத கட்டிலுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவன்தான் இன்று மிம்பர் பக்கத்தில் நின்று பேசுகிறான்.

அன்பானவர்களே! வீட்டைப் பற்றி அல்லாஹ் என்ன சொல்கிறான்? ஸூரத்துந் நஹ்லின் 80-வது வசனத்தை இன்று வீட்டுக்குப் போய்த் தர்ஜமாவோடு ஓதிப் பாருங்கள். உங்கள் வீடுகளை உங்களுக்கு 'ஸகன்', அதாவது அமைதி பெறும் இடம் ஆக்கினேன் என்று அல்லாஹ் ஒரு நிஃமத்தாக எடுத்துச் சொல்கிறான். அதே வசனத்தில் தோலால் ஆன கூடாரங்களையும் சொல்கிறான். ஆட்டு ரோமம், ஒட்டக ரோமம் இவற்றிலிருந்து கிடைக்கும் 'அஸாஸ்' என்ற வீட்டுச் சாமானையும் சொல்கிறான். இன்றும் அரபு நாடுகளில் ஃபர்னிச்சருக்கு அந்தச் சொல்தான். ஆக, சாமான் வாங்குவது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அதுவும் அல்லாஹ்வின் நிஃமத்.

ஆனால் அந்த வசனம் முடிகிற இடத்தைக் கவனியுங்கள். அந்தச் சாமான்களின் சுகத்துக்கு அல்லாஹ் 'இலா ஹீன்' என்று ஒரு தவணை போடுகிறான். ஒரு காலம் வரைக்கும்தான். வீட்டைச் சொன்ன இடத்தில் அமைதியைச் சொன்னான். சாமானைச் சொன்ன இடத்தில் காலக்கெடுவைச் சொன்னான். காலக்கெடு உள்ளதை வாங்குவதற்காக அமைதியை விற்றால் அது என்ன வியாபாரம்? துணி வியாபாரி அவர், லாப நஷ்டம் தெரிந்தவர். இதைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

அப்புறம் அவர் கேட்டார்: "அப்ப வீட்டை அழகா வைக்கவே கூடாதா ஹஸ்ரத்?" யார் அப்படிச் சொன்னது! அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வீட்டில் அழகு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

முஸ்லிமில் ஒரு ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் ஒரு போருக்குப் போயிருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) ஒரு நல்ல விரிப்பை எடுத்து வாசலில் தொங்கவிட்டார்கள். கணவர் பயணத்திலிருந்து வருகிறார், வீடு அழகாக இருக்கட்டும் என்ற ஆசை. எந்த மனைவிக்கும் வரும் ஆசைதானே? நபி (ஸல்) அவர்கள் வந்து பார்த்தார்கள். முகத்தில் பிடிக்காதது தெரிந்தது. அதை இழுத்துக் கழற்றிவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் உடுத்திவிடும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் சொன்னார்கள். அன்னையவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. அந்தத் துணியை வெட்டி, உள்ளே பேரீச்ச நாரை அடைத்து இரண்டு தலையணை செய்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் குறை சொல்லவில்லை.

அதே துணி. வாசலில் தொங்கியபோது பிடிக்கவில்லை, தலைக்கு அடியில் வந்தபோது பிடித்தது. ஃபால்ஸ் சீலிங் எந்தப் பக்கம் வரும் என்று நீங்களே சொல்லுங்கள். மேலே கான்கிரீட் தளம் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு சட்டை. (ஜன்னல் திரையை நான் சொல்லவில்லை. தெருவில் போகிறவர் கண்ணில் நம் வீட்டுப் பெண்கள் படாமலிருக்க அது தேவை. அதற்குப் பழைய புடவை போதும்.)

360 சதுர அடி சின்னது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நபி (ஸல்) அவர்களுடைய மனைவியர் வாழ்ந்த அறைகளுக்கு உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிறுவராகப் போயிருந்த ஹஸன் பஸரி (ரஹ்), கூரையைத் தன் கையால் தொட முடிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இமாம் புகாரி தம் அல்அதபுல் முஃப்ரதில் இதைப் பதிவு செய்கிறார்கள். அகலம்? ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிறார்கள்: நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது அன்னையவர்களின் கால் கிப்லா பக்கம் நீட்டியிருக்கும். ஸஜ்தாவுக்கு வரும்போது மெதுவாகத் தொடுவார்கள். அன்னையவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். அப்போது வீடுகளில் விளக்கும் இல்லை. ஒருவர் ஸஜ்தா செய்ய இன்னொருவர் காலை மடக்க வேண்டிய வீடு. அந்த வீட்டில்தான் வஹ்யு இறங்கியது.

பிற்காலத்தில் வலீத் பின் அப்துல் மலிக் ஆட்சியில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க அந்த அறைகளை இடித்தார்கள். அப்படியே விட்டிருந்தால் பின்னால் வருகிற மக்கள் அதைப் பார்த்துப் பாடம் படிப்பார்களே என்று ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) வருந்தியதாக இப்னு ஸஅத் எழுதுகிறார். மதீனாவே அன்று அழுதது என்பார்கள்.

நான் அந்தச் சகோதரரிடம் ஒன்று கேட்டேன். "மலைக்குப் போறீங்களே, ஜமுனாமரத்தூர் தாண்டி உள் கிராமங்கள்ல உங்களை உட்கார வெச்சுத் துணி எடுக்குறாங்களே, அங்க சோபா இருக்கா?"

சிரித்தார். "சாக்கு விரிப்பாங்க ஹஸ்ரத். மண் தரைதான். ஆனா சாப்பாட்டு நேரத்துல போயிட்டா சாமைச் சோறு போடாம விடமாட்டாங்க."

"அதை என்னைக்காவது வெறும் வீடுன்னு நினைச்சீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். அவர் கையில் இருப்பது 22,000 ரூபாய். அதை வைத்து இருவரும் உட்கார்ந்து எழுதினோம். உங்களில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் கழிப்பறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் நல்ல கதவு, உள்தாழ்ப்பாள். மானம் மறைப்பது ஃபர்ளு. தேக்குக் கதவு வாசலுக்குப் பிறகு வரட்டும். அடுத்து தண்ணீர் பிடித்து வைக்க டிரம்.

அடுத்து படுக்கை. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மூத்தவனுக்குப் பத்து முடிந்துவிட்டது. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்துவிடச் சொல்லி அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. குடிசையில் அது முடியவில்லை, இப்போது முடியும். 360 சதுர அடி எதற்கு வந்தது என்றால் முதலில் இதற்குத்தான். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் வருகிறதே, அதில் விருந்தாளிக்கு ஒரு படுக்கையை எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள். ஏழையின் பட்ஜெட்டிலும் விருந்தாளி இருக்கிறார். பிள்ளைகளுடைய படுக்கை தேவை. யாருக்கும் தேவைப்படாமல் பெருமைக்குப் போட்டு வைப்பதைத்தான் அங்கே கண்டிக்கிறார்கள் என்று உலமாக்கள் விளக்குவார்கள்.

படுக்கைக்குக் கட்டில் வேண்டாம், வந்தவாசிக் கோரைப்பாய் போதும். ஊரே நம்மை 'பாய்' என்று கூப்பிடுகிறது, நம் வீட்டில் பாய் விரிக்க நமக்கு வெட்கம்! வந்தவாசியிலும் பத்தமடையிலும் பாய் நெய்து பிழைப்பவர்களில் நம் மக்கள் எத்தனை பேர்.

சுவருக்கு சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து இரண்டு கோட். அதை அவரும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொள்ளலாம். புதுப் பூச்சின் ஈரம் காயாமல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் உரிந்து வரும் என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். ஆயத்துல் குர்ஸி எழுதிய பெரிய ஃப்ரேம் வாங்கலாமா என்றார். மாட்டுவது தப்பில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குர்ஆன் ஷரீஃபும் அதை வைக்க ஒரு பலகையும் வந்துவிடும். ஸூரத்துல் பகரா ஓதப்படும் வீட்டை விட்டு ஷைத்தான் ஓடுகிறான் என்றுதான் ஹதீஸில் இருக்கிறது.

விருந்து? வீடு கட்டி முடித்ததற்குக் கொடுக்கும் விருந்துக்கு ஃபிக்ஹ் நூல்களில் 'வகீரா' என்று பெயரே இருக்கிறது. நல்ல காரியம். முடிந்தவர்களுக்கு. 300 பேர் என்று எந்த நூலிலும் இல்லை. பக்கத்து வீடுகள் நான்கு, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள், வீடு கட்டிய கொத்தனார், சித்தாள்கள் என்று எழுதினோம். கொத்தனாரையும் சித்தாளையும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஜமாஅத்தார்களே, இதுவரை அவருக்குச் சொன்னதைச் சொன்னேன். இனி உங்களுக்கு. அவர் 'வெறும் வீடு' என்று பயந்தது யாரைப் பார்த்து? நம்மைப் பார்த்துத்தான். குடிபோகிற வீட்டுக்குள் நுழைந்ததும் நம் கண் எங்கே போகிறது? "இன்னும் டைல்ஸ் போடலையா?" என்று கேட்பது யார்? பரக்கத்துக்கு துஆ செய்யவேண்டிய வாய் அது.

தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சின்ன ஸூராக்களில் ஒன்று மாஊன். அதன் கடைசியில், அற்பமான புழங்கு சாமானைக்கூடக் கொடுக்காமல் தடுத்து வைத்துக்கொள்வதைக் கண்டித்து முடிக்கிறான் அல்லாஹ். சட்டி, வாளி, கோடரி போன்றவை என்று ஸஹாபாக்களின் விளக்கம் இருக்கிறது. நம் வீட்டு பரண் மேல் என்ன கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்தில் வந்து பிரிக்காத பாத்திரம், மகன் வெளிநாடு போன பிறகு சுருட்டி வைத்த மெத்தை, ஓடுகிற பழைய ஃபேன்.

மதரஸா திண்ணையில் நாளை ளுஹருக்குப் பிறகு ஒரு பெரிய பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உடையாத, கிழியாத சாமானாக இருக்கட்டும். நீங்கள் புழங்கத் தயங்குவதைக் கொண்டு வராதீர்கள். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று எழுத மாட்டோம். இந்த வருடம் நம் மஹல்லாவில் மட்டும் இன்னும் இரண்டு வீடு மேல்தளம் வரை வந்திருக்கிறது, அவர்களுக்கும் இதிலிருந்து போகும். அந்தச் சகோதரர் ஞாயிறு அஸருக்குப் பின் குடி போகிறார். நானும் என் வீட்டாரும் ஒரு கோரைப்பாயை எடுத்துக்கொண்டு போகிறோம். பகரா ஓத மதரஸா பிள்ளைகள் வருகிறார்கள். பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது, ஸுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.