கை மாறிய இடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு திண்ணை. குரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. சீடன் தன் தெருவில் காலமான பெரியவர்களைப் பற்றி நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

சீடன்: மூன்றாம் வீட்டுத் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் ஐயா. "அன்பே உருவானவர், எல்லோருக்கும் நல்லவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு..."

குரு: நிறுத்து. அவர் பெயரை எடுத்துவிட்டு எதிர்வீட்டுத் தாத்தா பெயரைப் போட்டால் பொருந்துமா?

சீடன்: பொருந்தும்.

குரு: அப்படியானால் இது யாரைப் பற்றியது? கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்காரர் தயாராக வைத்திருக்கும் வரி இது. படத்தை மட்டும் மாற்றுவார். தாத்தாவைத் தெரியாதவன் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். நீ அவர் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்தவன்.

சீடன்: குறையை எழுதினால் வீட்டார் மனம் நோகுமே?

குரு: குறையை யார் கேட்டது? அவரை எழுது என்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து என்ன பார்த்தாய்?

சீடன்: பள்ளிக்கூடம் விட்டதும் போவேன். உடல் நாடாவை அவர் வீசுவார். கரை நாடாவை நான் ஓரத்திலிருந்து தள்ளுவேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டு ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தடவை கோட்டைவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். திட்டமாட்டார். அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

குரு: இன்னும்?

சீடன்: ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறி நின்றால் கூலி இல்லை. சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவார், மறுநாள் மறுபடி ஊறியிருக்கும். "கூலி இல்லாத நாளிலும் இந்தக் குழி வேலை வைக்குது பார்" என்பார்.

குரு: இதையெல்லாம் விட்டுவிட்டா "அன்பே உருவானவர்"?

சீடன்: ஒரு சந்தேகம் ஐயா. அண்ணாவும் 1909இல் இந்த ஊரில், நெசவுக் குடும்பத்தில்தான் பிறந்தார். வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தாத்தா சேலை நெய்தார், போய்ச் சேர்ந்தார். ஊர் நினைக்கிற அளவுக்கு அவருக்கு என்ன தகுதி?

குரு: தகுதி பார்த்துத்தான் நினைவு என்றால் கோவிவன் எப்படிக் கல்லேறியது?

சீடன்: யார் அது?

குரு: நாய். காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மன் காலத்து நடுகல், செங்கம் பக்கத்து எடுத்தனூரில் இருக்கிறது. மாடுகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவன் நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். "நல்ல நாய்" என்று வெட்டவில்லை, கவனி. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று வெட்டினார்கள். கடிபட்டவர் எண்ணிக்கை உட்பட! ஏறக்குறைய 1,400 ஆண்டு ஆகியும் அந்த நாய் நமக்குத் தெரிகிறது.

சீடன்: அது கல், நின்றுவிட்டது. என் நோட்டைக் கரையான் தின்றுவிடும்.

குரு: கல்லால் முடியாததும் உண்டு. சோழர் காலக் கோயில்களுக்கு இறந்தவர் பேரால் நந்தா விளக்கு வைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு சொல்லும். ஆடு சாகாதா?

சீடன்: சாகும், கிழமும் ஆகும்.

குரு: ஆனால் குட்டி போடும். எண்ணிக்கை குறையக் கூடாது என்பதுதான் கணக்கு. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாளுக்கு உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். இன்றைக்குக் கல்வெட்டு இருக்கிறது. விளக்கு எங்கே?

சீடன்: நெய் அளக்க ஆளில்லை. அப்படியானால் நினைவு கல்லில் இல்லை, அன்றாடம் அளந்ததில்தான் இருந்தது.

குரு: அவசரப்படாதே. கல் இல்லாவிட்டால் அளந்ததே உனக்குத் தெரிந்திருக்காது. சரி, நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்தி வரதரைத் தாத்தா பார்த்தாரா?

சீடன்: இரண்டு தடவை. 1979இல் மகளைத் தோளில் தூக்கிப் போனார். 2019இல் அந்த மகள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போனார். தரிசனம் இருந்த 48 நாளில் எந்த நாள் போவது என்று வீட்டில் சண்டை. நின்ற கோலத்துக்கு ஆகஸ்டு வரை பொறுக்கச் சொன்னார்கள். "அதுவரைக்கும் நான் நிக்கணுமே" என்று ஜூலையிலேயே கிளம்பிவிட்டார். அடுத்தது 2059.

குரு: அவர் காலமானபோது தறியில் என்ன இருந்தது?

சீடன்: பாதிச் சேலை. காரியம் முடிந்ததும் மகன் உட்கார்ந்து முடித்தார். ஆளுக்கு ஆள் அடி வேறல்லவா? தாத்தாவுடையது இறுக்கம், மகனுடையது கொஞ்சம் இளக்கம். வெளிச்சத்தில் பிடித்தபோது கை மாறிய இடம் எனக்குத் தெரிந்தது. முதலாளி கண்ணில் படவில்லை.

குரு: அந்தச் சேலை?

சீடன்: விற்றுப்போயிற்று. எந்த ஊர்க் கல்யாணத்திலோ கட்டியிருப்பார்கள்.

குரு: இதை நோட்டில் எழுதினாயா?

சீடன்: இல்லை.

குரு: ஐம்பது வருஷம் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த பாட்டியையாவது எழுதினாயா?

சீடன்: அவர் உயிரோடு இருக்கிறாரே ஐயா.

குரு: அதனால்தான் இன்றைக்கே போகச் சொல்கிறேன். விளக்கு வைத்த பிறகு போ. அதுவரை ராட்டையை விடமாட்டார்.