பொங்குமாகடலும் சீரிஸும்

குற்றாலப் பேரருவி நேரே தரைக்கு வருவதில்லை. மலையின் இடையில் பொங்குமாகடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, நிறைந்து, பொங்கித்தான் கீழே இறங்குகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது குளியல். தலை ஈரம் சொட்டக் குற்றாலநாதர் சன்னதிக்குப் போகிறவருக்குத் தீர்த்தம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சீரிஸ் என்ற குறுங்கோளிலும் நீர் பொங்கியிருக்கிறது. 1801 ஜனவரி 1 அன்று வானியலாளர் பியாஸி கண்டுபிடித்த அந்தக் குறுங்கோளின் குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். 2015இல் அதை அடைந்த நாசாவின் டான் விண்கலம், ஒக்கேட்டர் பள்ளத்தில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டுகளைப் படம்பிடித்தது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி காய்ந்ததும் வெள்ளை பூக்குமே, ஏறக்குறைய அதுதான் அங்கும் நடந்தது. அடியிலிருந்த உப்புநீர் விரிசல் வழியே மேலேறியது. காற்றில்லாத வெளியில் நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கியது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆழத்தில் இன்னமும் உப்புநீர் தேங்கியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

சீரிஸ் என்பது ரோமானியரின் விளைச்சல் தெய்வம். அதனால் அங்குள்ள இடங்களுக்கு அறுவடைத் திருவிழாக்களின் பெயர்களையும் சூட்டினார்கள். உப்பும் பனியும் கலந்த குழம்பு பிதுங்கி எழுந்த அஹுனா மலைக்கு நாகாலாந்தின் சுமி நாகர் விழாவின் பெயர். ஒரு பள்ளத்தொடரின் பெயர் பொங்கல்!

சீரிஸின் அந்த உப்புநீர் யாருக்காக?

சைவ சித்தாந்தத்துக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் மாயையிலிருந்து தோன்றுவது உயிர்களின் பொருட்டே என்கிறது அது. அப்படியானால், எந்த உயிரும் இருப்பதாகத் தெரியாத சீரிஸின் உப்புநீர் வீணா? இல்லை. 'உயிர்களின் பொருட்டு' என்பதை 'நமக்காக' என்று சுருக்கிக்கொண்டால்தான் அது வீணாகத் தோன்றும். சித்தாந்தம் அண்டங்களையும் உயிர்களையும் எண்ணில் அடக்கவில்லை. மனிதனின் தாகத்தை அளவுகோலாக வைக்கவும் இல்லை.

சாரல் காலத்தில் வெள்ளம் பெருகினால் பேரருவியில் குளிக்கத் தடை விழும். செந்நீர் பாறையில் அறைந்து இறங்கும். அதனடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். குளிக்க வந்தவர்கள் தோளில் துண்டோடு தொலைவிலேயே நிற்பார்கள். தங்கள்மேல் ஒரு சொட்டும் விழாத அந்த நீரைப் பார்த்து, அவர்களில் சிலர் கைகூப்புகிறார்கள்.