சாமி இருந்த மண்ணை மிதிக்கலாமா?

கௌரி கணேஷா பண்டிகை முடிந்ததும் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் குடியிருப்பின் கொல்லையில் பிள்ளையாரைக் கரைத்த வாளிகள் வரிசையாக வந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் கையை விட்டால் விரலைக் கவ்விப் பிடிக்கும் களிமண். அதற்குள் பிள்ளையாருக்குக் கண்ணாக வைத்த குன்றிமணி தட்டுப்படும். அது நஞ்சு, குழந்தைகள் கையில் சிக்குமுன் எடுத்துவிட வேண்டும். தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எல்லோரும் தயார். மண்ணைத்தான் யாரும் ஏற்பதில்லை. "சாமி இருந்த மண், கால் படக்கூடாது" என்று மாநகராட்சியின் கரைப்பு லாரியைத் தேடிப் போகிறார்கள்.

பூசையில் நாம் செய்வது என்ன? ஆவாகனம் செய்து மண்ணுக்குள் பிள்ளையாரை அழைக்கிறோம். புனர்பூஜை முடித்து, வடக்கே சற்று நகர்த்தி விடைகொடுக்கிறோம். அதன் பிறகும் கால் படப் பயந்தால், கூப்பிட்டால் வருவார், அனுப்பினால் போகமாட்டார் என்றாகிறது. இது பாதி நம்பிக்கை.

"அப்படியானால் நேற்றுக் கும்பிட்டது வெறும் மண்ணையா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. காஞ்சி ஏகாம்பரநாதரும் மண்தான். அந்த லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்கு மட்டுமே. கரையவே கூடாது என்று காக்கிறோம். வீட்டுப் பிள்ளையாரையோ நாமே கரைக்கிறோம். அவர் தங்க வந்தவர், இவர் விடைபெற வந்தவர். இரண்டு இடத்திலும் கும்பிட்டது சாமியைத்தான். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களைப் பாருங்கள். குயவர்களான வேளார் வனைந்த மண் புரவிகள் மழையில் சரிந்து, கால் உடைந்து, மரத்தடியிலேயே மண்ணாகிக் கிடக்கும். அதை யாரும் அவமதிப்பு என்பதில்லை. அடுத்த புரவி எடுப்புத் திருவிழாவுக்குப் புதுக்குதிரை வரும்.

நமக்குப் பக்கத்திலேயே பாட்டரி டவுன் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குயவர்கள் சக்கரம் சுற்றும் இடம். ஏரிகள் வீட்டுமனைகளாகிவிட்டதால் அவர்களுக்கு மண் இப்போது ஊருக்கு வெளியிலிருந்து லாரியில் வருகிறது. ஏதோ ஓர் ஏரியின் அடிவயிற்றிலிருந்து வெட்டி வந்ததை ஒரு நாள் பூசித்துவிட்டு வேண்டாத பொருளாக்குவதுதான் எனக்கு அபசாரமாகப் படுகிறது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை என்றால் கதையே வேறு. அது எளிதில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2020 விதிமுறையில் கூடாதென்று சொல்லிவிட்டது.

களிமண்ணை ஈரத்தோடு செடியடியில் கொட்டாதீர்கள். வேருக்குக் காற்றுப் போகாது, காய்ந்தால் பாளமாக வெடிக்கும். சாக்கில் பரப்பி நன்றாக உலரவிட்டு, கட்டையால் தட்டிப் பொடித்து, மட்கிய எருவும் நம் ஊர்ச் செம்மண்ணும் தாராளமாகக் கலந்து செம்பருத்திக்குப் போடுங்கள். சாயம் பூசாததென்றால் பாட்டரி டவுனில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்ளக்கூடும். அந்தச் செம்பருத்திப் பாத்தியில் தாராளமாகக் கால் வைத்து நடக்கலாம். லாரிக்கு மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.