புவி வெப்பமாதலும் காரணம் பற்றிய வினாவும்

கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட காலத்தோடு ஒப்பிடுமிடத்து, புவியின் சராசரி வெப்பநிலை இன்று 1 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. அளவுகருவிகள் காட்டும் இவ்வுயர்வினை மறுப்போர் மிகச் சிலரே. வழக்கெல்லாம் அதன் காரணம் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. ஆயின் 'காரணம்' என்னும் சொல் ஒரு பொருளில் மட்டும் வழங்குவதன்று. 'வீடு தீப்பற்றியதற்குக் காரணம் என்ன?' என்பது ஒரு வினா. 'இதற்குக் காரணம் யார்?' என்பது வேறொரு வினா. முன்னது இயற்கையை நோக்கியது. பின்னது பழியை நோக்கியது. பின்னதற்கு அஞ்சுவோர் முன்னதன் விடையையே மறுக்க முற்படுவதுண்டு. இவ்விவாதம் இத்துணைக் காலம் நீண்டமைக்கு இதுவே பெருங் காரணம் எனலாம்.

இயற்கை பற்றிய வினாவுக்குரிய விடை புதியதன்று. காபனீரொட்சைட்டும் நீராவியும் வெப்பக் கதிர்களை உறிஞ்சும் என்பதை 1859 இல் ஜோன் ரின்டால் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். 1896 இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு, வளியிலுள்ள காபனீரொட்சைட்டு இருமடங்காயின் வெப்பம் எவ்வளவு உயரும் எனக் கணக்கிட்டார். (அவ்வெப்பம் குளிர்நாட்டவர்க்கு நன்மை பயக்கும் என்றே அவர் எண்ணினார்.) 1958 இல் சாள்ஸ் கீலிங் ஹவாயின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, வளியில் அவ்வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இப்போது 420 ஐக் கடந்துவிட்டது.

இவ்வெப்பம் ஞாயிற்றால் விளைந்தது என்பாரும், எரிமலைகளால் விளைந்தது என்பாரும் உளர். ஞாயிறே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே வெப்பமுறல் வேண்டும். ஆனால் கீழடுக்கு வெப்பமுற, மேலுள்ள படைமண்டலம் குளிர்ந்து வருகின்றது. எரிமலைக்கு எதிரான சான்று இன்னும் நுட்பமானது. தாவரங்களில் காபன்-13 என்னும் சமதானி சற்றுக் குறைவாகவே உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் பண்டை உயிர்களின் எச்சங்களாதலின் அவற்றிலும் அக்குறைவு உண்டு. வளிமண்டலக் காபனில் இச்சமதானியின் விகிதம் இப்போது குறைந்து வருகின்றது. எரிமலை உமிழும் காபனால் இது நிகழாது. புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தல் தருக்க நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. ஈண்டோ, தான் எந்த நெருப்பிற் பிறந்தது என்பதையும் புகையே கூறிவிடுகின்றது.

மறுப்புகளுள் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. பனியுகங்கள் முடிவுற்ற காலங்களில், அந்தாட்டிக்காவில் வெப்பம் முன்னர் உயர, காபனீரொட்சைட்டு பின்னரே உயர்ந்தது என்பதைப் பனிப்படிவுகள் காட்டுகின்றன. எனவே அது காரியமேயன்றிக் காரணமன்று என்பர். ஒரு பொருள் ஓரிடத்துக் காரியமாயிருத்தல் அது காரணமாதலைத் தடுக்காது. புவியின் சுற்றுப்பாதை மாற்றம் வெப்பத்தைத் தொடக்கிவைத்தது. கடலினின்று வெளிப்பட்ட காபனீரொட்சைட்டு அதனை மிகுவித்தது. இன்று தொடக்கி வைப்பது வேறு.

ஐயம் அறிவுக்குப் பகையன்று. தொலைவில் தோன்றுவது குற்றியோ மகனோ என ஐயுறுதல் ஆராய்ச்சியின் தொடக்கமே. ஆயின் ஐயுற்றவன் அருகே சென்று பார்த்தல் வேண்டும். அணுகாமலே நின்று, பிறரையும் அணுகவிடாது, 'குற்றியோ மகனோ' என்று கூறிக்கொண்டேயிருப்பவனை ஐயுற்றவன் எனல் பொருந்தாது. புகையிலையின் தீங்கினை ஐயத்துக்குள்ளாக்க முயன்ற அறிஞருட் சிலரே பின்னர் புவி வெப்பமாதலையும் ஐயத்துக்குள்ளாக்கினர் என்பதை நவோமி ஒரெஸ்கெஸ், எரிக் கொன்வே ஆகிய இருவரும் 2010 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினர். அறிவின் தொடக்கமாகிய ஐயத்தை அறிவின் தடையாக மாற்றுதல் வெறும் பிழையன்று. அஃது ஓர் அறக்கேடு.

இனிப் பழி பற்றிய வினா. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் எனச் சித்தாந்திகள் கூறுவர். இவ்வகுப்பு ஈண்டு மிகவும் பயன்படும். காபன் மண் போன்றது. பொறிகளும் ஆலைகளும் சக்கரம் போன்றன. குயவன் யார்? 'மனிதன்' என்னும் விடை எளிது. ஆனால் அது எவரையும் சுட்டாத விடை. அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 14 தொன்னளவு காபனீரொட்சைட்டு வெளிவரக் காரணராக, இலங்கையர் ஒருவருக்கு ஏறத்தாழ 1 தொன்னே உண்டு. இவ்விருவரையும் ஒரு சொல்லால் அடக்குதல் நீதியாகாது.

அறியாது செய்தவர் மீது பழியில்லை என்னும் வாதமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலை முதலாளிக்கு அது பொருந்தும். ஆனால் 1965 இலேயே அமெரிக்க சனாதிபதியின் அறிவியல் ஆலோசகர்கள் இதுபற்றி அவருக்கு அறிக்கை அளித்தனர். 1988 இல் அரசுகளுக்கிடையிலான குழு அமைக்கப்பட்டது. எரிபொருள்களால் இதுவரை வெளியேறிய காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேற்பட்டது 1990 இன் பின்னர், அதாவது எச்சரிக்கப்பட்ட பின்னர், வெளியேறியதாகும்.

ஒருவர் பொழுதுபோக்காகக் காரோட்டுவதால் எவர்க்கும் தீங்கு விளைவதில்லை, ஆதலின் அது தவறன்று என மெய்யியலாளர் வோல்ட்டர் சினொட்-ஆம்ஸ்ட்ரோங் 2005 இல் வாதிட்டார்; மாற்றும் பொறுப்பு அரசுகளுடையது என்பது அவர் கருத்து. தனித்த இழை தேரை இழுப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் வடத்தில் இழையன்றி வேறொன்றும் இல்லை.

அரசுகளின் பொறுப்பையேனும் அளக்க முடியுமா என்னும் வினாவைத் தென் பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் சிலர் 2019 இல் எழுப்பினர். வனுவாத்து அரசு அதனை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்றது. பலர் சேர்ந்து விளைவித்த தீங்காயினும் ஒவ்வோர் அரசின் பொறுப்பையும் தனித்து நிறுவுதல் இயலாததன்று என 2025 யூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. பலர் கை வைத்த குடமாயினும் குயவரைத் தேடலாம் என்பதே அதன் பொருள்.