எரிக்கத் தகுந்த எண்ணெய்

எலி விழுந்து செத்த எண்ணெயை என்ன செய்வது? மதரஸாவில் தூய்மை பற்றிய பாடம் நடக்கும்போது சிறுவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்கும் கேள்வி இது. அதை உண்ணலாகாது, ஆனால் விளக்கெரிக்கலாம், பள்ளிவாசலுக்குள் மட்டும் வேண்டாம் என்று ஹனபி, ஷாபிஈ சட்ட நூலார் விடை பகர்ந்தனர். உணவுக்கு ஆகாததும் ஒளிக்கு ஆகும் என்ற அந்த நுண்ணறிவை, அண்மையில் அய்யலூர்ப் பெரியவர் ஒருவர் எனக்கு நினைவூட்டினார். "ஹஜ்ரத், பழைய எண்ணெயில் விமானம் ஓடுமாமே! அப்படியானால் ஆண்டுதோறும் உம்ராவுக்குப் போனாலும் குற்றமில்லையே?" என்று வினவினார்.

விமான எரிபொருள், நம் பாட்டிமார் அரிக்கேன் விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெயின் உடன்பிறப்பே. ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது; காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது. வானில் விமானம் வரைந்து செல்லும் வெண்கோடுகளும் பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன. பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பல் 1995-உடன் நின்றது. இன்று சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துதான் ஆக வேண்டும். அந்த வெப்பத்தின் விளைவோ, விமானத்தில் ஏறியே அறியாத மானாவாரி உழவனையும் தாக்குகிறது. பிறருக்குத் தீங்கிழைத்தலாகாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

மாற்று வழி உண்டா? 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு விதையிலிருந்து செய்த எரிபொருளை 25 விழுக்காடு கலந்து பறந்தது. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிலையம் அதை உருவாக்கியது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் காட்டாமணக்கு நமக்குப் புதிதல்ல. ஆடு கடிக்காது என்பதால் வேலியில் நட்ட செடி அது. வியாழன்தோறும் ஆட்டுச் சந்தை கூடும் அய்யலூரில் இதை விளக்க வேண்டியதில்லை. வேலியிலிருந்து அதை வயலுக்குள் கொண்டுவந்தபோதுதான் வினை பிறந்தது. தமிழகத்தில் அதைப் பயிரிட்ட உழவர்களைப் பற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவென்றும், நீர் வசதியற்ற ஏழை உழவரே நொடித்தனரென்றும் கூறுகிறது. ஒருவன் நட்டதை மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவனுக்குத் தர்மம் என்பது நபிமொழியின் கருத்து. உண்ணும் நிலத்தைப் பறித்து எரிக்கும் பயிரை நடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வடைச் சட்டியில் மீந்த எண்ணெயோ வேறு வகை. அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடலுக்குக் கேடு. அதைத் திரட்டி எரிபொருளாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. அதிலிருந்து விமான எரிபொருள் செய்ய இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலை 2025-இல் சான்றிதழ் பெற்றது. எலி விழுந்த எண்ணெய்க்குச் சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். அதற்காக நல்ல எண்ணெயையே பழையது என்று பொய் சொல்லி விற்றால் அது வேறு பாவம். ஐரோப்பாவில் அத்தகைய ஐயம் எழுந்ததும் உண்டு.

எனினும் உலகத்தின் வடைச் சட்டிகள் அனைத்தையும் வடித்தாலும் போதாது. 2024-இல் உலக விமானங்கள் எரித்ததில் இத்தகைய மாற்று எரிபொருள் ஏறத்தாழ 0.3 விழுக்காடே. வெளிநாட்டு விமானங்களுக்கு நம் நாடு வைத்துள்ள இலக்கும் 2027-இல் 1 விழுக்காடு, 2028-இல் 2 விழுக்காடுதான்.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃது (ரலி) அவர்களுக்கு உணர்த்தினார்கள். அங்கே நீர் குறைவில்லை, தூய்மையும் குறைவில்லை. ஆயினும் அளவு கேட்கப்பட்டது. ஆகவே பெரியவரிடம் சொன்னேன்: "ஹாஜியாரே, கடமையான ஹஜ்ஜில் இந்தத் தயக்கமே வேண்டாம். முதல் உம்ராவுக்கு ஏங்கும் ஏழையையும் நாம் தடுக்கக் கூடாது. ஐந்தாம் முறை, ஆறாம் முறை என்றால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்."

இதைச் சொல்ல எனக்கும் கூச்சமே. நானும் இருமுறை உம்ராச் செய்தவன். மூன்றாம் பயணத்துக்கென்று சேர்த்த தொகை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் இதுவரை கஅபாவைக் காணாத மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய மகனிடம் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.