குருதிக் கொடையும் வாய்மையும்

தானம் என்பது பொருளை மட்டும் கொடுப்பதா, அன்றி மனத்தையும் சேர்த்துக் கொடுப்பதா? பொருள் ஒன்றாக இருக்கக் கொடுத்தவன் மனம் வேறுபடுமாயின், பெறுகின்றவனுக்கு வரும் பயனும் வேறுபடுமா? இவ்வினாவுக்கு நெடுநாள் நூல்களில் விடை தேடினோம். விடை கிடைத்ததோ இடப்பள்ளியில், ஒரு மருத்துவமனையின் குருதி வங்கி வாயிலில்.

நூற்பாலையில் நம்மோடு ஒரே ஷிப்டில் நின்ற தோழர் ஒருவருக்கு அங்கே இருதய அறுவைக்கு நாள் குறித்திருந்தனர். குருதி கொடுக்க உறவினரோடு நாமும் சென்றோம். ஒரு வினாத்தாளைக் கையில் தந்தனர். ‘மஞ்சட்காமாலை கண்டதுண்டா?’ என்னும் வரிக்கு வந்ததும் நம் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை மறைக்காமற் சொல்வதே முறை.

1994ஆம் ஆண்டு ஆலையில் கதவடைப்பு. நான்கு மாதம் கூலியில்லை. அந்நாளில் நாம் மும்முறை குருதியை விற்றோம். வாங்கியவரும் இதே கேள்வியைக் கேட்டனர். முந்தின ஆண்டுதான் நமக்குக் காமாலை கண்டிருந்தது. ‘உண்டு’ என்றால் காசில்லை, வீட்டில் அரிசியுமில்லை. ‘இல்லை’ என்றோம். அக்குருதி யாருடைய உடலிற் சென்றதென்று அறியோம். இனி அறிய வழியுமில்லை.

‘குருதியைச் சோதித்துத்தானே ஏற்றுகின்றனர்? கொடுப்பவன் பொய் சொன்னால் என்ன?’ எனச் சிலர் வினவலாம். நம் நாட்டில் எடுக்கப்படும் குருதி, எய்ட்ஸ் நச்சுயிரி, ஈரலைக் கெடுக்கும் ‘பி’, ‘சி’ நச்சுயிரிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகின்றது. எனினும் நோய் புகுந்த முதல் நாட்களில் அது எச்சோதனைக்கும் புலப்படாது. அன்றியும், சோதனை என்பது அறிந்த நோய்க்கே உண்டு. ‘சி’ நச்சுயிரி 1989இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ பேர் குருதியின் வழியே அதனைப் பெற்றனர். ஆகவே கருவிக்கு எட்டாத இடத்தில் காவல் நிற்பது கொடுப்பவன் நாவிலுள்ள வாய்மை ஒன்றேயாம்.

அவ்வாய்மையைக் கெடுப்பது எது? விலை. பொய்க்குக் கூலி வைத்தால் பொய் விளையும். ரிச்சர்டு டிட்மஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். நம் உச்சநீதிமன்றம் 1996 சனவரியில் வழங்கிய தீர்ப்பின் பயனாக, 1998 சனவரி முதல் நாளிலிருந்து விலைக்குக் குருதி கொடுப்போரிடம் பெறுவது தடுக்கப்பட்டது.

‘பசித்தவன் விற்றான், அவனையா குற்றம் சொல்வது?’ என்பர். இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. அவற்றை ஒன்றாக்குதல் கூடாது. நம் பசி நம் குற்றத்தைக் குறைக்கலாம். வாங்கியவனுடைய ஆபத்தை ஓர் அணுவும் குறைக்காது. மன்னிப்பு நமக்குரியது, நோய் அவனுக்குரியது. அவனோ நம் பசியை அறியாதவன்.

இனி, காசு நீங்கினால் போதுமா? போதாது. ‘நோயாளிக்கு ஏற்றும் குருதிக்கு ஈடாக உறவினர் கொடுக்க வேண்டும்’ என்னும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அண்ணன் படுத்திருக்க, மைத்துனன் முகத்துக்கு நேரே, ‘எனக்கு இன்ன நோய் இருந்தது’ என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அங்கே காசின் இடத்தில் வெட்கம் நிற்கின்றது. எவர் வற்புறுத்தலுமின்றி, முகமறியாத ஒருவனுக்காக வந்து கை நீட்டுபவனுக்கோ பொய் சொல்லக் காரணமே இல்லை. இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் இத்தகைய தன்விருப்பக் கொடையாகவே பெறப்படுகின்றது. வெசாக் நாட்களில் அங்கே விகாரைகளில் குருதிக்கொடை முகாம்கள் நடப்பதையும் நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை. கொடுப்பவன் மனத்தூய்மை அவனது புண்ணியக் கணக்கோடு நின்றுவிடுவதன்று. பெறுபவன் நரம்பினுள்ளும் அது செல்கின்றது. செயலுக்கு எண்ணமே வேர் என்று ததாகதர் உரைத்ததை இதனினும் வெளிப்படையாக வேறெங்கே காண முடியும்?

அன்று இடப்பள்ளியில் நாம் ‘உண்டு’ என்று எழுதினோம். அக்காமாலை எவ்வகையினது என்று காட்டும் மருத்துவச் சீட்டு நம்மிடம் இல்லை. ஆதலால் நம்மிடம் குருதி பெறவில்லை. தலை குனிந்தோம். அங்கிருந்த செவிலி அம்மையார், ‘நேரு பறஞ்ஞல்லோ, அது மதி’ என்றார். உண்மையைச் சொன்னீரே, அது போதும் என்பது பொருள்.

பஞ்சசீலத்தைக் காப்பவன் எண்ணற்ற உயிர்களுக்கு அச்சமின்மையைக் கொடுக்கின்றான்; அதுவே மகாதானம் என்று அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. பொய் தவிர்த்தல் எவ்வாறு தானமாகும் என்று முன்னர் நாம் ஐயுற்றதுண்டு. வெறுங்கையோடு திரும்பிய அன்றுதான் அது விளங்கிற்று. 1994இல் குருதி கொடுத்தோம், தானம் செய்தோமில்லை. இப்பொழுது ஒரு துளியும் கொடுத்தோமில்லை. ஆயினும் ஒன்றைக் கொடுத்தோம். பழைய கடன் இதனால் தீர்ந்ததென்று நாம் சொல்லவில்லை.

உடல்நலமுடைய இளைஞர்களே! குருதி வங்கி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அன்று. சிவப்பணுக்களை ஏறக்குறைய 42 நாட்களும், தட்டணுக்களை 5 நாட்களுமே வைத்திருக்க முடியும். 18 அகவை நிரம்பி, 45 கிலோ எடையும் போதிய குருதிச் சத்தும் உடையோர் 350 மில்லி லிட்டர் கொடுக்கலாம். ஆடவர் 90 நாட்களுக்கு ஒரு முறையும், பெண்டிர் 120 நாட்களுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். அழைக்குமுன் செல்லுங்கள். கை நீட்டுமுன் வினாத்தாளை மெய்யாக நிரப்புங்கள். கொடை அங்கேயே தொடங்கிவிடுகின்றது.