எதிரே நிற்பவர் யார்?

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கி நாடு முழுவதும் முடங்கிக் கிடந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆலயக் கதவுகள் அடைபட்டன. உடற்பயிற்சிக் கூடங்களும் சிலம்பக் களங்களும் அவ்வாறே அடைபட்டன. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் இரவும் பகலும் ஓயாத விசைத்தறிகளின் ஓசையும் அடங்கிற்று. அந்த அமைதியில், மொட்டை மாடிகளிலிருந்து வேறோர் ஓசை எழுந்தது. இளைஞர்கள் தன்னந்தனியே சுழற்றிய கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசை அது.

அவர்களுள் ஒருவர் ஒருநாள் நம்மிடம் வந்து, "சாமி, ஊட்டுல தனியாக் கம்பு சுத்தறது பாவமுங்களா?" என்று கேட்டார். நாம் புன்முறுவலோடு மறுமொழி கூறினோம். உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயம். அதைப் பேணுவது பாவமன்று, கடமை என்றோம். தலையை ஆட்டிவிட்டு வாசல் வரை சென்றவர் திரும்பி நின்றார். "சுத்தறப்ப எதுக்கால ஒரு மூஞ்சி வந்து நிக்குதுங்க சாமி" என்றார். நமக்கு மறுமொழி வரவில்லை.

அது எவருடைய முகம் என்பது நமக்குத் தெரியும். அவருடைய தந்தை ஒரு தறிக்கூடத்தில் கூலிக்கு ஓட்டியவர். வாங்கிய முன்பணம் பற்றிய தகராறில், பலர் பார்க்க, உரிமையாளர் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்துதான் மகன் கம்பை எடுத்தார். அறைந்தவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே.

தனித்துப் பயிலும் வீரக்கலை எழுப்பும் அறக்கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சிலம்பம் கற்றவர்களுக்குத் தெரியும்: கம்பு பிடிக்கும் முன்னர் காலடி கற்க வேண்டும். பின்னர் தன் நெற்றிப்பொட்டு அளவு உயரமுள்ள கம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுழற்றி, எவரும் நெருங்கவொண்ணாதபடி காவல் அமைக்க வேண்டும். 'வீடு கட்டுதல்' என்பது இக்கலையில் வழங்கும் அழகிய சொல். இன்று பேச்சுவழக்கில் 'வீடு கட்டி அடித்தான்' என்று அடியை மட்டுமே நினைக்கிறோம், காவலை மறந்துவிட்டோம்.

களத்தில் ஆசான் இருக்கிறார். எதிரில் கம்போடு ஒரு தோழர் நிற்கிறார். நம் அடி தவறினால் அவர் கம்பு நம் விரலைப் பதம் பார்த்துத் திருத்துகிறது. நம் அடி மிஞ்சினால் அவர் முகம் சுருங்குகிறது. உடனே நம் கை தளர்கிறது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் வணங்கிக்கொள்கிறோம். எதிராளியும் வலிக்கும் உடலுடைய மனிதர் என்னும் பாடத்தைச் சொல்லாமலே கற்றுத் தருவது களம். மாடியில் அந்தப் பாடம் இல்லை. அங்கே மனம் படைக்கும் எதிராளிக்கு வலிப்பதில்லை. அவர் மன்னிப்புக் கேட்பதும் இல்லை. ஆயிரம் முறை அடித்தாலும் ஆயிரத்தொன்றாம் அடிக்கு அவர் நிற்கிறார்.

இன்னொருவரும் எதிரே நிற்கக்கூடும், அவர் நாமே. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ (1867–1925) தம் நூல்களாலும் கருவிகளாலும், வீட்டிலிருந்தே உடலை வளர்க்கும் முறையை உலகெங்கும் பரப்பினார். அவர் பெயரே வலிமைக்குப் பட்டமாயிற்று. நம் கோவை தந்த திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் (1915–1978) பெயரில் அப்பட்டம் இன்றும் வாழ்கிறது. உடலை உரமாக்குவது நன்று. ஆனால் கண்ணாடியே களமாகும்போது பயிற்சி வழிபாடாக மாறிவிடுகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் உடலை மதிக்கச் சொல்கிறது. உடல் வழிபாட்டையோ மறுக்கிறது.

துறவொழுக்கத்தைக் குறிக்க நம் இறையியலில் வழங்கும் 'அஸ்கேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல், முதலில் விளையாட்டு வீரரின் பயிற்சியையே குறித்தது. நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த திருத்தூதர் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துப் பேசுகிறார். கொரிந்துக்கு அருகில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரும் போட்டிகள் நடந்தன; வாசகர்களுக்கு உவமை எளிதில் விளங்கியிருக்கும். தாம் காற்றைக் குத்துபவர் அல்லர் என்கிறார் பவுல். தம் உடலையே அடக்கிப் பழக்குவதாகவும், பிறருக்கு அறிவித்த தாமே தகுதியற்றவராகிவிடக் கூடாது என்று அஞ்சுவதாகவும் கூறுகிறார்.

ஆயுதப் பயிற்சியில் தேர்ந்த இன்னொருவரையும் நினைக்கிறோம். 1521இல் பாம்பலோனா போரில் கால் உடைந்த இஞ்ஞாசியார், மறு ஆண்டு மொன்செராத் திருத்தலம் நோக்கிக் கோவேறு கழுதைமேல் சென்றார். வழியில் இஸ்லாமியர் ஒருவரோடு அன்னை மரியாவின் கன்னிமை பற்றி வாக்குவாதம் எழுந்தது. அவர் முந்திச் சென்றபின் இஞ்ஞாசியாருக்குள் சினம் மூண்டது. துரத்திக் குத்துவதா, விடுவதா? முடிவெடுக்க இயலாமல், பாதை பிரியுமிடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை வேறு வழியில் சென்றதால் ஓர் உயிர் தப்பியது. வாள் பயின்ற கை அவருக்கிருந்தது, சினம் பயிலவில்லை. அதனால் தீர்ப்பு விலங்கின் பொறுப்பாயிற்று. மொன்செராத்தில் இரவெல்லாம் விழித்திருந்து வாளை அன்னையின் பீடத்தில் விட்டுவிட்டார். பின்னர் மன்ரேசாவில் தனிமையில் அவர் பெற்ற அனுபவங்களிலிருந்து முளைத்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல், நடத்தலையும் ஓடுதலையும் உடற்பயிற்சி என்பதுபோல் உள்ளத்துக்கும் பயிற்சி உண்டு என்றே தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொல்லப் புறப்பட்ட நம்மைப் பவுலின் அச்சம் தடுத்தது. மகனிடம் பொறுமையைப் பேச ஆயத்தமாயிருந்த நாம், தந்தையின் கன்னத்தில் விழுந்த அடியைப் பற்றி அடித்தவரிடம் ஒரு சொல் கேட்டோமா? அடிபட்ட வீட்டில் மட்டும் மன்னிப்பைப் போதிப்பது எளிது. பீடத்தில் நின்று காற்றைக் குத்தியவர் நாமே.

சில வாரங்கள் கழித்து உரிமையாளரின் வீட்டுக்குச் சென்றோம். முதல் முறை காப்பி தந்து பேச்சை மாற்றினார். இரண்டாம் முறை சினந்தார். மூன்றாம் முறை தலைகுனிந்திருந்தார். முன்பணக் கணக்கு நேராயிற்று. மன்னிப்பு என்னும் சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நீதி முழுமையாகக் கிடைத்தது என்று நாம் எழுத முடியாது.

இளைஞர் இன்றும் பயில்கிறார். அந்த முகம் இன்னும் வருகிறதா என்று அண்மையில் கேட்டோம். "சில நாள் வருதுங்க சாமி. வந்துச்சுன்னா கம்பக் கீழ வெச்சுப்போட்டு, மூச்சு அடங்கற வரைக்கும் உக்காந்துக்குவனுங்க. அப்பறம் மறுக்காத் தொடங்குவனுங்க" என்றார்.

கம்பைக் கீழே வைப்பதும் ஒரு பயிற்சியே. அதை அவரிடமிருந்து நாம் கற்றோம். வீட்டில் தனித்துப் பயிலும் நம் பிள்ளைகளிடம், எத்தனை தண்டால் எடுத்தாய் என்று கேட்பதோடு நின்றுவிடாதிருப்போம். எதிரே யார் நிற்கிறார் என்றும் அன்போடு கேட்போம். விடை கசப்பாக வந்தால், அந்த முகத்துக்கு உரியவரின் வாசலுக்கும் நடந்து செல்வோம்.